ரெபெக் கட்டுரையாளர் பதிவு: பயன்படுத்திப் பார்த்தபின்

சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூலி நெசவைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் கல்லூரிப் பொருளியல் ஆசிரியன் நான். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது என் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கைக் கேட்டார்கள். கட்டணத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து எடுத்த பட்டியலில், என் பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட வேதியியல் பேராசிரியர் ஒருவரின் சாயக்கழிவு ஆய்வுகளும் என் கணக்கில் ஏறியிருந்தன. என்னுடைய கட்டுரை ஒன்றோ, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக அச்சாகிவிட்டதால், அதில் இடம்பெறவே இல்லை. பிறர் உழைப்பை என்னுடையதாகக் காட்டிக்கொண்டு நேர்காணலில் உட்கார மனம் ஒப்பவில்லை. நண்பர் ஒருவர் சொல்லித்தான் ரெபெக் (RePEc) என்ற இணையப் பட்டியலில் கட்டுரையாளராகப் பதிந்தேன்.

1997 முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் நடந்துவரும் பொருளியல் நூற்பட்டியல் இது, கட்டணம் கிடையாது. பதியும்போது நம் பெயர் அச்சாகக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் நாமே எழுதித் தர வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் வரும் வடிவம், பின்னால் வரும் வடிவம், அப்பாவின் பெயர் முழுதாக வரும் வடிவம் என நான் ஐந்து தந்தேன். அவற்றுக்குப் பொருந்தும் தலைப்புகளைத் திரையில் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 'என்னுடையது', 'என்னுடையதல்ல' என்று நம்மிடமே பதில் கேட்கிறது. பதினான்கில் நான்கை மட்டுமே ஏற்றேன். அந்த மாலையில் மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக மறுத்தபோது கிடைத்த நிம்மதியை, தலைப்பெழுத்தோடு வாழும் தமிழர் எவரும் உணர்வார்.

முடிவில் நமக்கென ஓர் அடையாள எண் கிடைக்கிறது. ரெபெக் பட்டியலைத் தேடிப் படிக்க உதவும் ஐடியாஸ் தளத்தில் நம் பக்கம் திறக்கிறது. ஒரே ஆய்வு முதலில் பணித்தாளாகவும் (இதழில் வருமுன் சுற்றுக்கு விடும் வடிவம்) பிறகு இதழ்க் கட்டுரையாகவும் வெளிவந்திருந்தால், இரண்டையும் நம்முடையவை என்று ஏற்றுக்கொண்டால் போதும், தலைப்பு ஒத்திருக்கும்போது அவை இணைக்கப்படுகின்றன. பொருளியலில் ஒரு கட்டுரை இதழில் ஏறுவதற்கே ஆண்டுகள் பிடிப்பதால் இது சிறிய வசதியல்ல.

மேற்கோள் கணக்கு சைட்டெக் என்ற தனிப் பிரிவிலிருந்து வருகிறது. முழு உரையோ மேற்கோள் பட்டியலோ கிடைக்கும் ஆவணங்களை மட்டுமே அதனால் அலச முடியும் என்பதால் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். நூல்களும் தமிழ் இதழ்களும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. கள ஆய்வை நூலாக எழுதுவோருக்கு இது உண்மையான இழப்பு. ஆய்வாளரின் தாக்கத்தை ஒரே எண்ணால் அளக்க 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச் குறியீட்டையும் (h-index) இந்தக் குறையோடு சேர்த்தே படிக்க வேண்டும். எச் ஐந்து என்றால் ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றிருக்கின்றன என்பதே பொருள். ஒரு கட்டுரை ஐந்நூறு மேற்கோள் பெற்றாலும் அந்த எண் அதனால் மட்டும் உயராது.

இந்தத் தளத்தின் அருமையை எனக்கு உணர்த்தியது நம் ஊர்ப் பொருள்தான். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் மூலதனம் எப்படிப் பகிரப்படுகிறது என்று பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் எழுதிய கட்டுரையின் பக்கத்தைத் திறந்தேன். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் நிறுவனங்களும் வெளியிலிருந்து வந்தோரின் நிறுவனங்களும் ஒரே ஊரில் இயங்கியும் மூலதனத்தில் பெரிதும் வேறுபட்டன. அந்த வேறுபாட்டுக்கு உற்பத்தித்திறன் காரணமல்ல என்று அவர்கள் காட்டினார்கள். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, நம் ஊர் பனியன் கம்பெனிகளிலிருந்து தொடங்கிய கேள்வி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது விளங்கியது. மொத்த எண்ணைவிட அந்தப் பட்டியலையே எந்த ஆய்வாளருக்கும் பரிந்துரைப்பேன்.

கல்லூரிக்கெனப் பணித்தாள் வரிசை இல்லாதவர்கள் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து நடத்தப்படும் எம்.பி.ஆர்.ஏ. (Munich Personal RePEc Archive) என்ற இணையக் காப்பகத்தில் தம் ஆய்வைச் சேர்க்கலாம். கூலி ஒப்பந்தங்களைப் பற்றிய என் பழைய கட்டுரையை அங்கேதான் ஏற்றியிருக்கிறேன். விண்ணப்பத்துடன் அந்த நான்கு தலைப்புகள் கொண்ட பக்கத்தை மட்டும் அச்செடுத்து இணைத்தேன்.