ஒன்றாம் தேதி பிறந்த குரங்குகள்

தெருநாய்களைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கப்போகிற நண்பர் ஒருவர், பதிவுக்கு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) போதுமா என்று கேட்டார். வால்பாறைப் பக்கம் ஒரு நாட்டுக் குரங்குக் கூட்டத்துக்கு ஒன்பது வருடமாக அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மென்பொருளின் பெயர் வேண்டாம், உங்கள் கணினியிலும் அநேகமாக இருக்கும்.

வேகமாக வேலை செய்யும், போனிலேயே பதியலாம், புதிதாக வருகிற பையனுக்கு அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதிலெல்லாம் குறையே இல்லை. தேதியில்தான் எனக்கும் அதற்கும் ஆகாது.

இரண்டு வாரம் காட்டுக்குப் போகாமல் திரும்பிப் போனால் ஒரு தாயின் வயிற்றில் குட்டி தொற்றிக்கொண்டிருக்கும். எப்போது பிறந்தது? மார்ச்சில், அவ்வளவுதான் தெரியும். 3/2018 என்று அடிப்போம், திரையிலும் மாதமும் வருடமும் மட்டும் தெரியும், நாமும் நிம்மதியாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். உள்ளே அது மார்ச் 1 என்று எழுதி வைத்திருக்கும். அதைப் பொறுத்தவரை தேதி என்பது 1900-இலிருந்து எண்ணிக்கொண்டு வருகிற நாள் கணக்கு, அதில் பாதித் தேதி கிடையாது. அந்தக் கணக்கிலும் 1900 பிப்ரவரி 29 என்று வராத ஒரு நாளைச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்! இல்லாத நாளுக்கு இடம் இருக்கிறது, ‘சுமாராக’ என்பதற்கு மட்டும் இல்லை.

நாலாவது வருடம் பிறந்த தேதிப்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் விழித்தேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவான குட்டிகள் ஒன்றாம் தேதி பிறந்திருந்தன, சம்பள நாள் பார்த்துப் பிறந்த மாதிரி.

காலிக் கட்டம் இன்னொரு தொல்லை. அன்று நாங்கள் போகவில்லையா, போயும் அந்தக் குரங்கு கண்ணில் படவில்லையா, பார்த்தும் எழுத மறந்தோமா, மூன்றுக்கும் ஒரே வெற்றிடம். மே கடைசியில் பார்த்த கிழட்டுப் பெண் குரங்கு, தென்மேற்குப் பருவமழை முடிந்து செப்டம்பரில் போனபோது இல்லை. செப்டம்பரில் இறந்ததாக எழுதிவிட்டோம். மூன்று மாதத்துக்கு மேல் சும்மா ஆயுள் கூட்டிக் கொடுத்திருக்கலாம், யார் கண்டது.

சரி, நியாயமாகப் பேசினால் பாதித் தப்பு எங்களுடையது. கென்யாவின் அம்போசெலியில் 1971-இலிருந்து பபூன் குரங்குகளைத் தொடர்கிறவர்கள், ஒவ்வொரு பிறந்த தேதிக்குப் பக்கத்திலும் அது எவ்வளவு முன்பின் தவறியிருக்கலாம் என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். நாங்களும் இப்போது பிறப்புக்கு இரண்டு தேதி எழுதுகிறோம்: தாயைக் குட்டியில்லாமல் கடைசியாகப் பார்த்த நாள், குட்டியோடு முதலில் பார்த்த நாள். இறப்புக்கும் அப்படியே. ஆண் குரங்கு காணாமல் போனால் ‘இறந்தது’ என்று எழுதவே மாட்டோம், வளர்ந்த ஆண்கள் வேறு கூட்டத்துக்குப் போவது சகஜம். இதெல்லாம் அதே விரிதாளில்தான் ஓடுகிறது, ஒழுங்காகவே ஓடுகிறது.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். போன மாதம் பழைய தேதிகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் மூன்று வருட நோட்டுகளைக் கரையான் தின்றிருந்தது, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்த வருடங்களில் ஒரு குட்டி உண்மையாகவே ஒன்றாம் தேதி விடியற்காலையில் எங்கள் கண்முன்னால் பிறந்தது. அது எது என்று இப்போது ஷீட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.