ஒரே கதை, இரண்டு படங்கள்: 1951-ஆ, 1982-ஆ?

ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’ குறுநாவலில், அண்டார்டிகா பனியில் கிடைக்கும் வேற்றுலக உயிர் யாருடைய உருவத்தையும் எடுக்கும். அதைத் தழுவிய 1951 படம் ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ அந்த உயிர்நாடியையே விட்டுவிட்டது: களம் வடதுருவம், எதிரி தாவர வகை ராட்சதன். பார்த்ததுமே ஆள் தெரிந்துவிடுவதால், பக்கத்தில் நிற்பவன் மீது சந்தேகமே வராது. மளமளவென்று ஓடும் உரையாடலுக்காகப் பார்க்கலாம்.

ஜான் கார்பென்டரின் 1982 படம் ‘தி திங்’ மூலத்துக்கே திரும்பியது. ரத்தப் பரிசோதனைக் காட்சி ஒன்றே போதும். மனித உருவில் ஒளிந்திருக்கும் போலி யார் என்று கண்டுபிடிக்க ஆட்களைக் கட்டிவைத்து, ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கிறார்கள். மனித ரத்தம் வெறுமனே பொசுங்கும். போலி ரத்தம் தனி உயிராகத் துள்ளித் தப்பப் பார்க்கும். இந்தச் சோதனையும் குறுநாவலில் இருப்பதுதான். முதல் படத்தில் உருமாற்றம் இல்லாததால் இதற்கு வேலையே இல்லாமல் போனது. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் தயங்காமல் 1982.