டவுன்ஹில்லா, ஸ்லாலமா: ஒரு பருவம் முழுவதும் தொடர எது ஏற்றது?

ஆல்பைன் பனிச்சறுக்கு உலகக் கோப்பையின் பருவம் வழக்கமாக அக்டோபர் இறுதியில் ஆஸ்திரியாவின் ஸோல்டன் பனியாற்றில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே ஏறத்தாழ 40 பந்தயங்கள் இருப்பதால், வேறு வேலை உள்ள எவராலும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. நீண்ட சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய வேகப் பந்தயங்களையோ, கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் ஆகிய நுட்பப் பந்தயங்களையோ தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் பருவத்தில் நான் வேகத்தைத் தேர்ந்தேன், அடுத்ததில் நுட்பத்துக்கு மாறினேன், இன்றும் மாறவில்லை.

வேகத்தின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் வெங்கனின் லாபர்ஹோர்ன் தடம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் நீளம். 2013இல் ஜோஹான் கிளாரே அதில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். ஆஸ்திரியாவில் கிட்ஸ்பூயலின் ஸ்ட்ரைஃப் தடத்தில், வாயிலை விட்டுப் புறப்பட்ட சில விநாடிகளிலேயே 'எலிப்பொறி' எனப்படும் 85 சதவீதச் சரிவின் மேல் வீரர் அந்தரத்தில் பாய்கிறார். ஸ்லாலத்தில் இதற்கு ஈடான காட்சி இல்லை.

ஆனால் பருவத்தைத் தொடர்வோருக்கு முதன்மையான கேள்வி, குறித்த நாளில் பந்தயம் நடக்குமா என்பதே. ஆண்கள் டவுன்ஹில்லுக்குப் பொதுவாக தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 800 முதல் 1,100 மீட்டர் வரை உயர வேறுபாடு தேவைப்படுகிறது. மேலே காற்று சுழன்றடிக்கலாம், நடுவில் மூடுபனி தேங்கலாம், கீழே வெயிலில் பனி இளகலாம். இம்மூன்றில் ஒன்று நேர்ந்தாலும், அந்த வேகத்தில் மனிதரை இறக்கிவிடுவது பாதுகாப்பாக இராது. தொடக்க வாயிலைத் தாழ்த்தித் தடத்தைச் சுருக்குவது ஒரு வழி என்றாலும், அப்போது நாம் பார்க்கக் காத்திருந்த பகுதியே சில வேளைகளில் வெட்டுப்பட்டுப் போகிறது. போதாக்குறைக்கு, டவுன்ஹில்லுக்கு முன் குறைந்தது ஒரு பயிற்சி ஓட்டமாவது நடந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே வார நடுவில் கெடும் வானிலைகூட வார இறுதிப் பந்தயத்தைக் காவு கொள்ளும். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் தொடங்கி இத்தாலியப் பகுதியில் முடியும்படி எல்லை கடந்து அமைக்கப்பட்ட டவுன்ஹில் தடத்தில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் திட்டமிட்டிருந்த எட்டுப் பந்தயங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. முதல் ஆண்டில் பனி போதவில்லை. இரண்டாம் ஆண்டில் பனிப்பொழிவும் காற்றும் மிகுந்துவிட்டன. பின்னர் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ரத்தாகும் ஒவ்வொரு டவுன்ஹில்லும் வெற்றிக்குரிய 100 புள்ளிகளைக் கணக்கிலிருந்து அழித்துவிடுவதால், அந்தப் பிரிவில் பருவம் முழுவதும் அதிகப் புள்ளி சேர்ப்பவருக்குரிய கோப்பையான படிகக் கோளம் எஞ்சிய சில நாள்களின் தயவில் முடிவாகிறது.

ஆண்கள் ஸ்லாலத்துக்கோ 180 முதல் 220 மீட்டர் உயர வேறுபாடு போதும். ஒரே சரிவு, செயற்கைப் பனி, தேவைப்பட்டால் தடத்துக்குள் நீர் செலுத்தி இறுக்கிய பரப்பு, ஷ்லாட்மிங்கில் நடப்பது போல இரவு விளக்குகள் ஆகியவை இருந்தால் பந்தயத்தை நடத்திவிடலாம். நுட்பப் பந்தயங்கள் ரத்தாவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் ஸோல்டனில் ஆண்கள் ஜெயன்ட் ஸ்லாலம் காற்றினால் பாதியில் நின்றது; சாக்ரெப் ஸ்லாலத்தையும் வெப்பம் சில ஆண்டுகள் பதம் பார்த்திருக்கிறது. எனினும் ஒரு நாளை ஒதுக்கிவைத்துக் காத்திருந்து ஏமாந்த தடவைகள் எனக்கு இந்தப் பக்கத்தில் வெகு குறைவு.

நுட்பப் பந்தயம் நடந்தால், நேரம் கூட்டிக் கணக்கிடப்படும் இரண்டு ஓட்டங்கள் கிடைப்பது கூடுதல் ஆதாயம். முதல் ஓட்டத்தின் முதல் 30 பேர் இரண்டாவதில் தலைகீழ் வரிசையில் இறங்குகிறார்கள். அதனால் முன்னணியில் இருப்பவர் கடைசியில்தான் வருகிறார். 2024 பிப்ரவரியில் பிரான்ஸின் ஷாமோனியில் நடந்த ஸ்லாலத்தில், 30ஆம் இடத்திலிருந்த டானியல் யூல் இரண்டாம் ஓட்டத்தில் முதல் ஆளாக இறங்கிப் பந்தயத்தையே வென்றார். அன்று வெப்பத்தால் தடம் விரைவாகச் சிதைந்தது அவருக்குச் சாதகமாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த முறை எப்போதும் நியாயமானதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் சேர்த்துத் தரப்படும் ஒட்டுமொத்தப் பட்டத்தைக் குறிவைத்துப் பார்ப்பவருக்கு என் தேர்வு குறையுடையதே. 1978-79 பருவத்தில் இங்கேமார் ஸ்டென்மார்க் 10 ஜெயன்ட் ஸ்லாலங்களையும் வென்று, மொத்தம் 13 வெற்றிகள் பெற்றும் பட்டம் பீட்டர் லூஷருக்குப் போனது. பல பிரிவுகளில் பங்கேற்பவரை ஆதரிக்கும் புள்ளிமுறை அப்போது இருந்தது. பிற்காலத்தில் மார்செல் ஹிர்ஷர் பெரும்பாலும் நுட்பப் பந்தயங்களைக் கொண்டே தொடர்ந்து எட்டு முறை வென்றார் என்றாலும், ஸ்லாலத்தில் இறங்காத மார்கோ ஓடர்மாட் வந்தபின் வேகப் பந்தயங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியவில்லை. பெண்கள் வேகப் பந்தயங்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். சரிவோரம் நின்று எந்தப் பந்தயத்தையும் பார்த்ததில்லை. ஆகவே மேலே சொன்னவை திரையில் பார்ப்பவரின் கணக்கு மட்டுமே.

ஜனவரியில் கிட்ஸ்பூயல் வாரம் வரும்போது மட்டும் கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறேன். வழக்கமாகச் சனிக்கிழமை ஸ்ட்ரைஃபில் டவுன்ஹில்லும் மறுநாள் அருகிலுள்ள கான்ஸ்லெர்ன் சரிவில் ஸ்லாலமும் நடப்பதால், சனிக்கிழமை மூடுபனியில் போனாலும் ஞாயிற்றுக்கிழமை கைவசம் இருக்கிறது.