சதுரத்துக்குள் சதுரம் என்ற முத்திரையை நம்பி டிரில் மெஷின் வாங்கினேன், ஒன்பது நாள் சம்பளம் போனது

வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி பத்தரை மணிக்குக் கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." எதைத் தீர்த்தார்கள்? பணம் வரவில்லை. மெஷினை மாற்றியும் தரவில்லை. என் ஒன்பது நாள் சம்பளம் போனது போனதுதான். இந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். வீட்டுச் சுவரில் துளை போட டிரில் மெஷின் வாங்கலாம் என்றிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரு நாள் யோசித்தால் போதும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் எதையும் போடவில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் பொருள் விற்கிற இணையச் சந்தை ஒன்று, அதற்குள் கருவிகள் மட்டும் விற்கிற ஒரு விற்பனையாளர். அவ்வளவுதான். இந்த ஒருவரை ஒதுக்கிவிட்டு இதே மெஷினை வேறு பெயர் ஒட்டி விற்கிறவரிடம் நீங்கள் போய் மாட்டக்கூடாது.

மகளின் புத்தகங்களுக்கு ஒரு அலமாரிப் பலகை மாட்ட வேண்டும். அதற்குத்தான் மெஷின். இதுவரை நண்பரிடம் இரவல் வாங்கியே ஓட்டிக்கொண்டிருந்தேன், டிரில் எனக்குப் புதிதில்லை. விளம்பரத்தில் 1000 வாட், 13 மில்லிமீட்டர் சக் (துளைக்கிற பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), சுற்றும்போதே இடித்துத் துளைக்கிற ஹேமர் வசதி, டிரிக்கரை அழுத்துகிற அளவுக்கு வேகம் கூடும் என்று எல்லாம் போட்டிருந்தது. படத்தில் பிளக்குக்கு இரண்டு பின்தான். முன்பக்கம் கியர் இருக்கிற பகுதி முழுக்க உலோகம். எனக்கு அங்கேயே உறுத்தியது. உலோக உடம்பு, இரண்டு பின், அப்படியானால் எர்த் எங்கே? விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சார், இது டபுள் இன்சுலேஷன் மெஷின். எர்த் தேவையில்லை. லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் இருக்கிறது பாருங்கள்." கூடவே லேபிளைப் பெரிதாக்கி ஒரு படம். ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றி இன்னொரு சதுரம். தெளிவாக இருந்தது.

அவர் சொன்ன விளக்கத்தில் தப்பே இல்லை, அதில்தான் விழுந்தேன். அந்த முத்திரை இருந்தால், மின்சாரம் ஓடுகிற பாகத்துக்கும் நம் கை தொடுகிற பாகத்துக்கும் நடுவே இரண்டு அடுக்குக் காப்பு இருக்கிறது என்று பொருள். ஓர் அடுக்கு கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும், அதனால் எர்த் பின் வேண்டியதில்லை. நல்ல டிரில் மெஷின்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்த விஷயத்தையே அவரும் சொன்னதும், விவரம் தெரிந்த ஆள்தான் என்று மனசு சமாதானமாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி வேறு எழுதினார்: "என் வீட்டிலும் இதைத்தான் வைத்திருக்கிறேன் சார்." அந்த வரியைப் படித்த கையோடு பணம் கட்டினேன். ஒன்பது நாள் சம்பளம். ஒரே தடவையில்.

பெட்டி வந்தது. பிரித்தேன், கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம். லேபிளில் அந்த இரண்டு சதுரமும் இருந்தன. வேலை நெருக்கடியால் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டேன். பதினோரு நாள் அங்கேயே கிடந்தது. திருப்பி அனுப்ப ஏழே நாள்தான் அவகாசம் என்பது பின்னால்தான் என்னைக் கடித்தது.

பன்னிரண்டாம் நாள் காலை வேலையை ஆரம்பித்தேன். எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவர்கள் என் மேல்தான் பழி போட்டார்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் ஒயர் ஓடும் என்பதால் அந்த நேர்க்கோட்டை விட்டு நன்றாகத் தள்ளிக் குறித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் மாஸ்க். கையுறை போடவில்லை. சுற்றுகிற பிட்டில் கையுறை சிக்கினால் விரலையே இழுத்துக்கொண்டு போய்விடும். சக் சாவியைக் கழற்றித் தனியாக வைத்தேன். மகளைப் பிளக் சொருகிய சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "அப்பா கத்தினால் யோசிக்காமல் ஆஃப் பண்ணிவிடு" என்று சொன்னேன். ஏதோ ஒரு முன்ஜாக்கிரதைக்குச் சொன்னதுதான்.

முதல் துளை, 6 மில்லிமீட்டர் பிட். போட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கை விரல் முன்பக்க உலோகத்தில் பட்டது. மெல்லிசாக ஒரு விறுவிறுப்பு. எறும்பு ஓடுகிற மாதிரி. ஹேமர் அதிர்வுதான் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதிர்வு உள்ளங்கை முழுக்கத் தெரியும். கரண்ட் கூச்சம் தோல் உலோகத்தில் படுகிற இடத்தில் மட்டும் சுருக்கென்று இருக்கும், விரலை எடுத்தால் உடனே போய்விடும். எனக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை.

வீட்டில் டிரிப் ஆகிற சுவிட்ச் இருக்கிறதே, ஆர்.சி.சி.பி., அது ஏன் விழவில்லை என்று பலர் கேட்பார்கள். நானும் கேட்டேன். வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அந்த அளவை நெருங்கிக் கரண்ட் கசிந்தால்தான் விழும். நம் உடம்பில் ஒரு மில்லி ஆம்பியர் அளவு போனாலே கூசும். 10 மில்லி ஆம்பியர் பக்கம் போனால் தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். ஆக, டிரிப் ஆகவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று கணக்குப் போடவே கூடாது.

இரண்டாவது துளை. நாலு விரல்கடை ஆழம் போனதும் 'டக்'கென்று ஒரு சத்தம். பிட் உள்ளே இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இது யாருக்கும் நடக்கும். டிரிக்கரிலிருந்து விரலை எடுத்தால் மெஷின் நிற்கும், பின்னால் இழுத்துவிட்டு இடம் மாற்றிப் போடலாம். எடுத்தேன். நிற்கவில்லை.

விரல் டிரிக்கரில் இல்லை. டிரிக்கரை விட்டாலும் ஓட வைக்கிற லாக் பட்டனையும் நான் அழுத்தவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிட் சுவரில் இறுகிக் கிடப்பதால் அது சுற்ற முடியாது, அதனால் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. பக்கக் கைப்பிடியின் வளையம் அந்த முதல் உதறலிலேயே வழுக்கி இடது கையோடு வந்துவிட்டது. வலது கைப்பிடி என் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு மேலே போனது. நான் கத்தினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. மகள் சுவிட்சைத் தட்டிவிட்டாள். மெஷின் சுவரிலேயே தொங்கிக்கொண்டு நின்றது, வார்னிஷ் கருகின வாடை அறை முழுக்க. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

துப்பாக்கிப் பிடியும் டிரிக்கரும் வைத்த டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை வாங்கியது 1917இல். விரலை எடுத்தால் நிற்க வேண்டும் என்பது நூறு வருஷத்துக்கு மேல் பழகிய விஷயம். அதைக்கூடச் செய்யாத ஒன்றை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகு. மூன்று வாரம் கட்டு.

அன்று மதியமே புகார் பதிந்தேன். முதலில் தானியங்கிப் பதில், ஒரு புகார் எண். மறுநாள் ஒருவர் பேசினார்: "சார், ஏழு நாள் தாண்டிவிட்டதே." ஆபத்தான பொருள் என்கிறேன், அவர் ஏழு நாளையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாம் நாள் இன்னொருவர் வந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். கரண்ட் கூசுகிற, நிற்காமல் ஓடுகிற மெஷினை மறுபடி சொருகி ஓட்டி, அதை நான் படம் எடுக்க வேண்டுமாம்! முடியாது என்றேன். "ஆதாரம் இல்லாமல் மேலே அனுப்ப முடியாது சார்." நாலாம் நாள் விற்பனையாளரே எழுதினார். படம் அனுப்பி, சார் சார் என்று குழைந்த அதே ஆள். "லாக் பட்டனை நீங்களே தெரியாமல் அழுத்தியிருப்பீர்கள். மெஷினில் குறை இல்லை." அவ்வளவுதான் பதில். அதற்கப்புறம் நான் அனுப்பிய பதினான்கு செய்திக்கும் சத்தமே இல்லை.

கோபம் தாங்காமல் மோட்டார் வைண்டிங் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலில் மெகர் (காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்து பிளக் பின்னுக்கும் சக்குக்கும் நடுவே பார்த்தார். இந்த வகை மெஷின் பல மெகா ஓம் காட்ட வேண்டுமாம். இதில் ஒன்றுகூட இல்லை. "தம்பி, இதை யார் டபுள் இன்சுலேஷன் என்று சொன்னது?" என்று கேட்டார். லேபிளைக் காட்டினேன். அவர் லேபிளைப் பார்க்கவே இல்லை, ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். சுவிட்சுக்குப் போகிற ஒயர் கூடுதல் உறை எதுவும் இல்லாமல் உலோகக் கியர் பெட்டியின் திருகு மேலேயே படுத்துக் கிடந்தது, அதிர்ந்து அதிர்ந்து ஓரிடத்தில் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. மோட்டாரில் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரின் தண்டுக்கும் சுருளுக்கும் நடுவே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் காப்பு இல்லை. வெளியே வருகிற கேபிளைப் பிடிக்கக் கிளிப் இல்லை, உள்ளே ஒரு முடிச்சு போட்டு விட்டிருந்தார்கள். சுவிட்சைத் திறந்தால், உள்ளே இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டிரிக்கரை விட்டாலும் பிரியாது. சுவிட்ச் மேல் அச்சிட்டிருந்தது 4 ஆம்பியர். 1000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஓடும்போதே 4.3 ஆம்பியர் இழுக்கும், பிட் மாட்டி மோட்டார் திணறினால் அதைப் போலப் பல மடங்கு. முதல் திணறலிலேயே முனைகள் ஒட்டிக்கொண்டன. நான் லாக் பட்டனைத் தொடவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில். அவ்வளவு வேகமாக அவர்கள் பதில் போட்டது அதுதான் முதல் தடவை. "மெஷினைத் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது." திறக்காவிட்டால் ஆதாரம் இல்லை, திறந்தால் வாரண்டி இல்லை. ஒன்பது நாள் சம்பளத்தை விழுங்குவதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி அந்தக் கடைசிச் செய்தி வந்தது. இன்று காலை, அவர்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டு இன்னொன்று.

என்ன பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன். இடது கையும் வலிக்கிறது, முடிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முத்திரையைப் படத்தில் பார்த்து நம்பாதீர்கள், ஸ்டிக்கரை யாரும் அடிக்கலாம். முடிந்தவரை நேரில் போய், கையில் வாங்கி, சொருகி ஓட்டிப் பாருங்கள். டிரிக்கரைப் பத்து இருபது தடவை அழுத்தி விடுங்கள், ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும். லாக் பட்டனைப் போட்டு, டிரிக்கரை மறுபடி அழுத்தினால் விடுபடுகிறதா பாருங்கள். பக்கக் கைப்பிடியை இறுக்கிப் பலமாக ஆட்டிப் பாருங்கள். இணையத்தில்தான் வாங்கினீர்கள் என்றால் வந்த அன்றே இதையெல்லாம் செய்யுங்கள், பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். என்னைப் போலப் பரணில் போடாதீர்கள். விற்கிறவரோடு பேசியதையெல்லாம் அழிக்காமல் வையுங்கள்.

விரலில் ஒரே ஒரு தடவை கூசினாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டாவது துளை வேண்டாம். பிட் மாற்றும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். லாக் பட்டனைச் சுவர் வேலைக்குப் போடவே போடாதீர்கள். கம்பி தட்டினால் மேலும் அழுத்தாமல் இடத்தை மாற்றுங்கள். அப்புறம், சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். எனக்கு அதுதான் கையைக் காப்பாற்றியது.

புகாரை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோகிற வேலையைத் தொடங்கிவிட்டேன். அதனால் மெஷினைத் தூக்கிப் போடவில்லை, ஆதாரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. பிளக்கை மட்டும் ஒயரிலிருந்து வெட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாது.