2×2×2×2 புதிருக்குக் குறுந்தீர்வு: மூன்று தேடல்களில் எது தேறும்?

நாலு பரிமாண ரூபிக் க்யூபைத் (கணினித் திரையில் மட்டும் இருக்கும் புதிர்) தீர்ப்பது வேறு, குறைந்த திருப்பில் தீர்ப்பது வேறு. முதலாவதுக்கு மூன்று பரிமாணத்தில் பழகிய உத்திகளை நீட்டினாலே போதும். மேஜிக்க்யூப்4டி நிரலில் பலரும் அப்படித்தான் தீர்க்கிறார்கள். இரண்டாவதைக் கணினியிடம்தான் விடவேண்டும். அதில் மூன்று வழிகள் உண்டு: மிகக் குறுகிய தீர்வையே குறிவைக்கும் முழுத் தேடல், கட்டம் கட்டமாகப் போவது, கையில் இருக்கும் நீண்ட தீர்வைச் செதுக்குவது. பக்கத்துக்கு இரண்டு துண்டு மட்டும் உள்ள 2×2×2×2-க்கு நான் எடுத்துக்கொண்டது நடுவில் உள்ளது. அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்.

முதலில் அளவுகள். மொத்தம் 16 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 4 ஸ்டிக்கர். ஒரு துண்டை அசையாமல் வைத்துக்கொண்டால் அது இல்லாத 4 செல்களை மட்டும் திருப்பினால் போதும். செல் என்பது சாதாரண க்யூபின் முகத்துக்கு இணையானது; இங்கே அதுவே ஒரு கனசதுரம். அதைச் சும்மா விடுவது நீங்கலாக 23 விதமாகச் சுழற்றலாம். ஆக 92 திருப்புகள். அதே செல்லை அடுத்தடுத்துத் திருப்புவது வீண் என்பதால் இரண்டாவது திருப்பிலிருந்து 69. நிலைகளோ சுமார் 3.36 × 10²⁷. 14 திருப்பில் அதிகபட்சம் 7.5 × 10²⁵ நிலைகளைத்தான் எட்ட முடியும் என்பதால், 15 திருப்பாவது கேட்கும் கலைப்புகள் இருந்தே தீரும். (எந்தச் சுழற்சியானாலும் ஒரு செல்லை ஒருமுறை தொட்டால் ஒன்று என்பது என் எண்ணிக்கை. 90 பாகையை மட்டும் ஒன்றாகக் கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறும்.)

முழுத் தேடலுக்கு முன்மாதிரி 1997-ல் கணினி அறிவியலர் ரிச்சர்ட் கோர்ஃப் சாதாரண ரூபிக் க்யூபுக்குச் செய்தது. சில துண்டுகளை மட்டும் தீர்க்க எத்தனை திருப்பு தேவை என்று முன்கூட்டியே ஒரு டேபிள் போட்டுக்கொண்டு, தேறாத கிளைகளை அதை வைத்து வெட்டுவது. அழகான முறைதான். நாலு பரிமாணத்தில் இது மூச்சு வாங்கும் இடம் மெமரி. எனக்கு முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

கோர்ஃப் வைத்திருந்தது 6 விளிம்புத் துண்டுகளின் டேபிள், 4,25,77,920 பதிவுகள். ஏழாவது துண்டைச் சேர்த்தால் 12 மடங்காகும், தாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொரு துண்டும் 12 விதமாக நிற்கக்கூடியது. 4 துண்டுகளுக்கே 67,93,11,360 பதிவுகள். பதிவுக்கு அரை பைட் என்றால் 340 எம்பி, கவலை இல்லை. ஐந்தாவது துண்டைச் சேர்த்தால் 11 இடம் பெருக்கல் 12 நிலை, அதாவது 132 மடங்கு: ஏறக்குறைய 45 ஜிபி. இவ்வளவு கொட்டிக் கொடுத்து என்ன கிடைக்கிறது? தேடல் மரம் படிக்கு 69 மடங்காகப் பெருகுவதால், 132 மடங்கு மெமரிக்குக் கிடைக்கும் முன்னறிவு ஒரு திருப்பை ஒட்டித்தான். 15 திருப்பு ஆழத்தில் அந்த டேபிள் கடைசி ஆறேழை வெட்டிவிட்டாலும், மீதியைக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் துழாவ வேண்டும். 69-ஐ எட்டு முறை பெருக்கினாலே 5 × 10¹⁴. ஒரே டேபிளை 24 சமச்சீர் கோணங்களில் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் உதவும். ஆனால் நிலைமையைத் தலைகீழாக்காது. லேசாகக் கலைத்த புதிர்களுக்கு இந்த முறையை அடிக்க ஆளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டத் தேடல் அந்த மெமரியை வேறு விதமாகச் செலவழிக்கிறது. சில திருப்புகளை மட்டும் வைத்தே முடிக்கக்கூடிய நிலைக்கு முதலில் புதிரைக் கொண்டுவந்து, பிறகு அந்தத் திருப்புகளாலேயே தீர்ப்பது. 1981-ல் திசில்த்வெயிட் நான்கு கட்டமாகவும் 1992-ல் கொசியெம்பா இரண்டு கட்டமாகவும் மூன்று பரிமாணத்தில் காட்டிய வழி இது. ரூபிக் க்யூபின் கடவுள் எண் (எந்தக் கலைப்பையும் தீர்க்கப் போதுமான திருப்பு) 20 என்று 2010-ல் நிறுவிய கணக்கும் கொசியெம்பாவின் உட்குலத்தின் (அந்தச் சில திருப்புகளால் மட்டும் எட்டக்கூடிய நிலைகளின் தொகுப்பு) மேல்தான் நின்றது.

நாலு அச்சுகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ-ஆ ஒரு ஜோடி, இ-ஈ ஒரு ஜோடி. ஒரு நிறம் தீர்ந்த நிலையில் எந்த அச்சில் நிற்குமோ அதன் பெயரே நிறத்துக்கும். முதலில் கண்ணில் படும் இலக்கு, ஒவ்வொரு துண்டிலும் நிறங்கள் இதே விதமாக ஜோடி சேர்ந்திருக்கச் செய்வது. அதற்கு மொத்தம் 47,82,969 நிலைகள்தான், டேபிள் 5 எம்பிகூட வராது. ஆசை காட்டும் எண். ஆனால் அந்த அமைப்பைக் குலைக்காத திருப்புகள் செல்லுக்கு 7, மொத்தம் 28. அவற்றில் எதுவும் அ-ஆ நிறங்களை இ-ஈ அச்சுகளுக்கு இடம் மாற்றாது. எனவே எந்த ஜோடி எங்கே நிற்கிறது என்பதையும் முதல் கட்டத்திலேயே முடித்தாக வேண்டும்.

அப்போது முதல் கட்டம் 6-இன் 15-ஆம் அடுக்கை 3-ஆல் வகுத்தது: சுமார் 15,673 கோடி நிலைகள். பதிவுக்கு 2 பிட் (தூரத்தை 3-ஆல் வகுத்த மீதி மட்டும்) போதும் என்பதால் 39 ஜிபி. ஜோடியைக் கலைக்காத 8 சமச்சீர்களால் சுருக்கினால் 5 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. சாதாரண மடிக்கணினியில் அடங்கிவிடும். இந்த 5 ஜிபி முதல் கட்டம் முழுவதையும் துளி ஊகமில்லாமல் தெரிந்துவைத்திருக்கிறது. முழுத் தேடலின் 45 ஜிபியோ 15 துண்டில் 5-ஐ மட்டும் அறியும். சமச்சீர் சுருக்கத்துக்கான எண்ணிடும் முறையை எழுதுவது எரிச்சலான வேலை, மறுக்கவில்லை. ஒருமுறை எழுதினால் போதும்.

ஒரு கண்ணி உண்டு. எத்தனை துண்டுகளில் அ-வும் ஆ-வும் இடம் மாறி நிற்கின்றன என்று எண்ணுங்கள். அந்த 28 திருப்புகளும் இந்த எண்ணை 8 துண்டு சேர்ந்தாற்போல்தான் மாற்றும், அல்லது தொடாது. ஆகவே அது ஒற்றைப்படையாக வந்துவிட்டால் இரண்டாம் கட்டத்தில் வழியே இல்லை. முதல் கட்ட முடிவுகளில் பாதி இப்படி முட்டுச்சந்து; வந்தவுடன் எண்ணிப் பார்த்துத் தூக்கிப் போடவேண்டும்.

நீளம் கூடுவது இரண்டாம் கட்டத்தில்தான். 28 திருப்புகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 10¹⁶ நிலைகளைச் சமாளிக்க 12 திருப்பாவது பிடிக்கும். அங்கே 7 துண்டுகளின் இடத்தை மட்டும் பார்க்கும் 3,24,32,400 பதிவுள்ள சின்ன டேபிள் ஒன்று நன்றாகவே வெட்டுகிறது. முதல் தீர்வு கிடைத்ததும் நிறுத்தாமல், முதல் கட்டத்தை ஒன்றிரண்டு திருப்பு நீட்டினால் மொத்தம் குறைகிறதா என்று ஓடவிட வேண்டும். கிடைப்பது மிகக் குறுகியதுதான் என்ற உத்தரவாதம் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

செதுக்கும் முறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீண்ட தீர்வில் அடுத்தடுத்த சில திருப்புகளை எடுத்து, அதே வேலையைச் செய்யும் குறுகிய வரிசை இருக்கிறதா என்று இரு முனையிலிருந்தும் தேடுவது. 4 திருப்பில் போய்ச்சேரும் 3 கோடி நிலைகளை வைத்திருந்தால் 8 திருப்புவரை சுருங்கக்கூடியவை எல்லாம் சிக்கிவிடும். ஆனால் மூலத் தீர்வின் போக்கை விட்டு இது அதிகம் விலகாது.

3×3×3×3-ல் எனக்கு அனுபவம் குறைவு. 1.76 × 10¹²⁰ நிலைகள், 184 திருப்புகள். எண்ணிப் பார்த்தாலே 50-க்கு மேல் திருப்பு கேட்கும் கலைப்புகள் உண்டு என்று தெரிகிறது. முழுத் தேடலுக்கு அங்கே வேலையே இல்லை. 16 மூலைகளையும் மேலே சொன்ன கட்ட முறையில் முடித்துவிட்டு மற்றவற்றைச் செதுக்கலாம் என்று தோன்றுகிறது. நான் ஓட்டிப் பார்த்ததில்லை. மூலைகளை முதலில் முடிப்பதைவிட இரண்டு நிறத் துண்டுகளில் தொடங்குவது குறுகலாம் என்று வாதிட்டால், என்னிடம் மறுப்பு இல்லை.