தமிழ் ஸ்லைடுகளுக்கு எது தோது: பவர்பாயிண்ட், இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் பயன்பாட்டு அனுபவம்

பவர்பாயிண்ட், லிப்ரெஆஃபிஸின் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் மூன்றிலும் தமிழ் ஒழுங்காகவே தெரியும். படிக்கச் சிரமமாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் வண்ணமோ வடிவமைப்போ காரணமல்ல. தொடக்க அமைப்புகள் ஆங்கில எழுத்துக்காகப் போடப்பட்டவை, அதுதான் சிக்கல்.

முதல் குற்றவாளி வரி இடைவெளி. பவர்பாயிண்ட் 2013 முதல் வரும் ஆஃபீஸ் தீமில் அது 0.9 மடங்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரி ‘மூ’, ‘கூ’ கீழே இறங்க, கீழ்வரி ‘கீ’, ‘ட்’ மேலே ஏற, இரண்டும் உரசிக்கொள்ளும். புள்ளி எங்கோ ஒரு சுழிக்குள் போய் ஒளிந்துகொண்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு ‘ட்’ எது, ‘ட’ எது என்றே தெரியாது. இதை ஸ்லைடு ஸ்லைடாகத் திருத்த வேண்டாம். வியூவில், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் ஸ்லைடு மாஸ்டருக்குப் போய், இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பெரிய ஸ்லைடைப் பிடித்து, உரைப்பெட்டியின் லைன் ஸ்பேசிங்கில் மல்டிபிள் என்பதைத் தேர்ந்து 1.1 கொடுங்கள். எழுத்துருவைப் பொறுத்து 1.2 வரை போகலாம்.

மாஸ்டரில் இருக்கும்போதே ஆட்டோஃபிட்டையும் அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘பல்கலைக்கழகங்களுக்கிடையேயான’ ஒன்றே பாதி வரியைத் தின்றுவிடும். பெட்டி நிரம்பினால் மென்பொருள் சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கும். ஒரு ஸ்லைடில் 28, அடுத்ததில் 20 என்று வந்து நிற்கும். அணைத்துவிட்டால் எழுத்து பெட்டிக்கு வெளியே வழியும். வழியட்டும், வாக்கியத்தை வெட்ட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். தலைப்புக்கு 36 முதல் 40, உரைக்கு 28, எந்த நிலையிலும் 24க்குக் கீழே வேண்டாம். 28ல் ஒரு வரிக்கு நான்கைந்து சொல்தான் அடங்கும். ஐந்தாறு வரியோடு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவது நல்லது.

எழுத்துருவில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் நம்பகமானவை. மூன்றிலும் உண்மையான தடித்த வடிவம் உண்டு. அது இல்லாத எழுத்துருவில் ‘பி’ பட்டனை அழுத்தினால் மென்பொருளே கோட்டைத் தடிக்க வைக்கும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். காட்டமரான் எழுத்துருவின் மிக மெல்லிய வகைகள் திரையில் நேர்த்தியாகத் தெரியும். ப்ரொஜெக்டரில் முதலில் காணாமல் போவது அதன் புள்ளிகள்தான். சாய்வெழுத்து தமிழுக்கு எதற்கு? அழுத்தம் தர நிறமோ தடிமனோ போதும். எழுத்திடை இடைவெளியை விரிக்கவே கூடாது: ‘கொ’வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் விலகி, மூன்று எழுத்தாகத் தெரியும்.

அடுத்த தொல்லை, வேறு கணினி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். யுனிகோடிலும் முழு நிம்மதி இல்லை. விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதா, விண்டோஸ் 10 முதல் கூடுதல் எழுத்துருத் தொகுப்பில்தான் வருகிறது. அது இல்லாத இடத்தில் நிர்மலா என்ற வேறொரு எழுத்துரு வந்து உட்கார, அகலம் மாறி வரிகள் வேறிடத்தில் உடையும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கும் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ்’ டிக் செய்யுங்கள். அங்கே வேறொருவர் திருத்தவும் வேண்டியிருந்தால் எல்லா எழுத்துகளையும் சேர்க்கும் தெரிவு தேவை. பயன்படுத்தியவற்றை மட்டும் சேர்த்தால் புதிதாகத் தட்டும் எழுத்துக்கு உத்தரவாதம் இல்லை. கூடவே பிடிஎஃப் நகல் ஒன்று. அனிமேஷன் போய்விடும், எழுத்து போகாது.

இம்ப்ரெஸில் வேறு குழப்பம். தமிழை அது சிக்கலான எழுத்துமுறை என்று தனியே வைத்துக்கொள்கிறது. ஸ்டைலில் மேற்கத்திய எழுத்துருவின் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் அசையவில்லையே என்று தேடுபவர்கள் நிறைய. சிடிஎல் எனப்படும் அந்தச் சிக்கலான எழுத்துமுறைப் பகுதியில் எழுத்துரு, அளவு இரண்டையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே தென்படவில்லை என்றால் ஆப்ஷன்ஸின் மொழி அமைப்பில் அதை இயக்க வேண்டும். ஒருமுறை டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் தீர்ந்தது.

கூகுள் ஸ்லைட்ஸில் ‘மோர் ஃபாண்ட்ஸ்’ போய் ஸ்கிரிப்ட் என்பதில் தமிழைத் தேர்ந்தால் பட்டியல் வரும். பலர் சேர்ந்து திருத்த இதுதான் வசதி. ஆனால் பவர்பாயிண்ட் கோப்பாக இறக்கி, அந்த எழுத்துருவை நிறுவாத கணினியில் திறந்தால் மேலே சொன்ன அதே கதை.

வரைபடங்களில் நிமிர்ந்த பட்டைகளைத் தவிர்க்கலாம். கீழே இடம் போதாமல் மாவட்டப் பெயர்கள் சாய்ந்துகொள்ளும். சாய்ந்த ‘திருவண்ணாமலை’யைக் கழுத்தை வளைத்துத்தான் படிக்க வேண்டும். படுக்கைப் பட்டையாக மாற்றினால் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும். எண்களைப் பட்டையின் முனையிலேயே போட்டுவிட்டு, பின்னணிக் கட்டக்கோடுகளை அழித்துவிடலாம்.