காற்றுக்கு ஒரு கணக்கு, நீருக்கு ஒரு கணக்கு

காற்றாலை இறக்கைக்கும் அணுமின் நிலையத்தின் நீராவிக் குழாய்க்கும் சிக்கல் ஒன்றுதான். பாய்வது தள்ளுகிறது, திடப்பொருள் வளைகிறது, வளைந்ததும் பாய்ச்சலின் போக்கே மாறிவிடுகிறது. இதைக் கணினியில் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் எது பாய்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலாவது ஒருவழிப் பிணைப்பு. அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சுமையாக ஏற்றுவதோடு வேலை முடிந்தது. இதை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு உடன்பாடில்லை. தடித்த பம்பு உறைக்கு இதுவே போதும், மிச்ச நேரம் லாபம். ஆனால் வெஸ்டாஸ் வி236 டர்பைனின் 115.5 மீட்டர் இறக்கைக்கு ஆகாது. அது வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். காற்று மோதும் கோணம் மாறும், விசையும் மாறும்.

அங்கே இரண்டாவது வழி: பாய்மத்துக்கு ஒரு மென்பொருள், கட்டமைப்புக்கு இன்னொன்று, ஒவ்வொரு கால அடியிலும் (நேரத்தை நறுக்கிய சிறு துண்டு) இரண்டும் தகவல் மாற்றிக்கொள்ளும். ப்ரீசைஸ் போன்ற திறந்தமூலக் கருவிகள் நடுவில் தரகு வேலை பார்க்கின்றன. ஏற்கெனவே நன்றாக ஓடும் மென்பொருள்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

இந்த வழி கவிழ்வது நீரில். எஃகின் அடர்த்தி காற்றைப்போல் 6,000 மடங்குக்கும் மேல். நீரைப்போல் 8 மடங்குக்குச் சற்றுக் குறைவு. நீரில் அதிரும் மெல்லிய தகடு தன்னோடு நீரையும் சுமந்து ஆடுகிறது. அடிக்கு ஒரே ஒரு பரிமாற்றம் என்று வைத்தால் பிழை பெருகிக் கணக்கு வெடித்துவிடும். கால அடியைக் குறைத்துப் பார்க்கத்தான் எவருக்கும் கை போகும். நீரைப்போல் அழுத்தினாலும் சுருங்காத அமுங்காப் பாய்மத்தில் அப்படிச் செய்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். ஒவ்வொரு அடியிலும் இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு திருத்துவது என்பதை முந்தைய சுற்றுகளைப் பார்த்து முடிவுசெய்யும் ஐட்கன் தளர்வு முறை சுற்றுகளைக் குறைக்கும்.

மூன்றாவது, இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாக்கித் தீர்ப்பது. நீரிலும் கணக்கு வெடிக்காது. ஆனால் மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டும், சமன்பாடுகளின் அணியும் (மேட்ரிக்ஸ்) எளிதில் தீராது. ஆய்வுக் குழுவுக்குச் சரி, ஆலைக்கு அரிது.

இந்தப் போட்டியில் பலர் மறந்துவிடும் நாலாவது ஆள் சோதனைக்கூடம். கணக்குப் போட்டவர் நினைக்காத ஆட்டத்தை அதில் பார்க்கலாம். 1995 டிசம்பரில் ஜப்பானின் மொஞ்சு அணு உலையில் வெப்பமானி உறை ஒன்று முறிந்து, குளிர்விக்கப் பாயும் சோடியம் கசிந்தது. உறையைத் தாண்டும் பாய்ச்சலில் உருவான சுழல்கள் அதைப் பக்கவாட்டில் ஆட்டவில்லை, பாய்ச்சலின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டின. 2012 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் நீராவி உற்பத்திக் கலத்தின் வளைகுழாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கசிந்தன. வடிவமைப்பாளர்கள் தடுத்தது வளைவின் தளத்துக்கு வெளியே ஆடுவதை. குழாய்கள் ஆடியதோ தளத்துக்குள்ளேயே. கணினி கொடுத்த பாய்ச்சல் வேகமும் உண்மையைவிடக் குறைவு. அடுத்த ஆண்டு ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

குழாய்க் கட்டு எந்த வேகத்தில் ஆடத் தொடங்கும் என்று சொல்லும் கானர்ஸ் சமன்பாட்டின் மாறிலியைக்கூடச் சோதனையில் அளந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே இறக்கைக்கு நான் இரண்டாவது வழியோடு நிற்பேன். குழாய்க் கட்டென்றால் முதலில் மாதிரி ஒன்றை, எல்லாத் திசையிலும் ஆடவிட்டு, நீரை ஓடவிடும் சோதனைத் தடத்தில் வைத்து அளப்பேன். கணினிப் பக்கம் போவது அதற்குப் பிறகு.